சங்கிலி ஆட்டம்

பக்கத்துத் தெருவில் கரண்ட் போய்ப் பவர்லூம்கள் ஓய்ந்தபோதுதான் சுபலட்சுமிக்கு அது உறைத்தது. பி.டி. பீரியடில் ஓடிக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. வாயைப் பொத்தி உட்காரச் சொன்னாலே கூரையைப் பிய்க்கிற கூட்டம் அது. தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள் பாவம்.

சங்கிலி ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். ஒருவர் துரத்த வேண்டும். தொடப்பட்டவர் கைகோத்துக்கொண்டு சேர்ந்து துரத்த வேண்டும். கடைசி ஆள் பிடிபடும்வரை யாரும் கையை விடக் கூடாது. இன்னும் பிடிபடாதது ராஜ்குமாரும், அதே வகுப்பில் படிக்கும் அவள் மகள் இளமதியும்தான். இருவரும் விளையாட்டுக்கு ஓடுகிற ஓட்டம் ஓடவில்லை.

சாயங்கால வெயிலில் கிளம்பிய செம்புழுதியோடு, சாயப்பட்டறை வாசலில் வீசுமே, ஈர நூலின் புளித்த வாடை, அதுவும் கலந்து மூக்கில் ஏற, சங்கிலியில் இருந்த அத்தனை கால்களும் ஒரே நேரத்தில் மண்ணில் பதிந்து ஒரே நேரத்தில் எழும்பின. ராஜ்குமார் வேப்பமரத்தைச் சுற்றி வந்தான். சங்கிலியின் நுனி அவன் தோளைத் தொட்டது. வாங்கிக்கொண்டிருந்த மூச்சு சட்டென்று நின்றது. பேசாமல் கைகோத்துக்கொண்டான்.

மறுநுனியில் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண். சங்கிலி எப்படித் திரும்பினாலும் அவள் முதுகு மட்டுமே தெரிந்தது. அந்தப் பின்னலைச் சுபலட்சுமி இந்த வகுப்பில் பார்த்ததே இல்லை.

விசில் ஊதினாள். யாரும் நிற்கவில்லை.

"போதும், ஆட்டம் முடிஞ்சிது. கைய வுடுங்க."

நடுவில் இருந்த பரிமளா தலையைத் திருப்பாமலே பதில் சொன்னாள்.

"இன்னும் ரெண்டு பேர் கீறாங்க மிஸ்."

இளமதி கேட்டை உலுக்கிக்கொண்டிருந்தாள். களம்பூர் லாரிகள் போகிற ரோடு என்று சுபலட்சுமியே பூட்டிய கேட். சாவி அவள் இடுப்பில் இருந்தது. மகளிடம் ஓடியிருக்கலாம். டீச்சர் புத்தி, சங்கிலியைப் பிரித்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். வாலில் நின்ற ராஜ்குமாரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

சில்லென்று இருந்தது. அந்தச் சின்ன விரல்கள் அவள் கையைச் சுற்றி மூடிக்கொண்டன. உதறினாள். வரவில்லை. கால் தானாக எழும்பியது. மண்ணில் பதிந்தது. மற்றக் கால்களோடு.

சங்கிலி கேட்டை நோக்கித் திரும்பியது.

ஓடிடு. சுவரேறிக் குதி. என்கிட்ட வராதே. கத்த நினைத்தாள். வாய் திறக்கவில்லை.

இளமதி திரும்பினாள். வாலில் அம்மாவைக் கண்டாள். அழுகை நின்றது.

"எம்மா. பயமா கீதும்மா. வேற யாரும் வேணாம், நீயே என்னைப் புடிச்சிக்கோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டியபடி அவளே ஓடி வந்தாள்.

சுபலட்சுமியின் இடது கை, அவள் வேண்டாம் வேண்டாம் என்று தடுக்கத் தடுக்க, மகளுக்காக விரிந்தது.