கிழங்கு பிடுங்க வந்த ஆட்கள்

ஜலகண்டாபுரத்துத் தறிக்கூடத்தின் முன் சென்னிமலை காரை விட்டு இறங்கினார். வேட்டி மொடமொடத்தது. காரின் நெற்றியில் 'சமாதானக் குழுத் தலைவர்' என்று பலகை. போன வைகாசியில் தன் ஊரின் தெற்குத் தெருவைக் கொளுத்தியபோது முன்னால் நின்றவரும் அவர்தான். தலைவர் பதவிக்கு அனுபவசாலி வேண்டுமல்லவா?

அன்று பொன்னனும் அவன் மனைவி மயிலம்மாளும் வீட்டோடு எரிந்தார்கள். மற்ற முப்பது குடும்பங்களும் உடுத்திய துணியோடு ஓடிவந்து, இங்கே தறி ஓட்டுகின்றன. சென்னிமலையின் மூன்று ஏக்கர் மரவள்ளிக் குச்சிக்கிழங்கோ பிடுங்க ஆளில்லாமல் மண்ணுக்குள் அழுகத் தொடங்கிவிட்டது.

"ஊருக்கு வாங்கப்பா! பழசெல்லாம் மறந்தாச்சு!" தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"மறந்தது நீங்கதானுங்க!" அறுந்த நூலை முடிந்தபடியே ஜோதி கத்தினாள். "மம்முட்டி புடிச்ச கைக்கு இந்த நூலு பழக ஆறு மாசமாச்சுங்க. இப்பத் தறி நின்னாத் தூக்கம் வரமாட்டேங்குது. கூர எரியற சத்தம் கேக்குதுங்க."

பொன்னனின் தம்பி மதியழகன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அங்கயே ரெண்டு பேரு இருக்காங்களே. கூப்புட்டுப் பாருங்க."

மறுநாள் விடிகாலை தோட்டத்துக்குப் போகும் வழியில், தெற்குத் தெரு முனையில் சென்னிமலையின் கால்கள் தாமாக நின்றன. தெருவுக்குள் போகாமல் முனையிலிருந்தே வேலைக்கு ஆள் கூப்பிடுவது அவர் அப்பன் காலத்து வழக்கம். வாயும் தானாகத் திறந்துகொண்டது.

"கெழங்கு புடுங்க வாங்கடா!"

கூரையில்லாத சுவர்கள். பனியில் நனைந்த கரியின் வாடை.

"வாரோமுங்க."

ஓர் ஆண் குரல். ஒரு பெண் குரல்.

சமாதானக் குழுத் தலைவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

மத்தியானம் அவர் மனைவி மஞ்சுளா தோட்டத்திலிருந்து மூச்சிரைக்க வந்தாள். "ஏனுங்க, மூணு ஏக்கராவும் புடுங்கிக் குமிச்சுக் கெடக்குதுங்க! ஆனா..."

முந்தானையில் பொதிந்திருந்ததைக் காட்டினாள்.

தோல் கருகிய கிழங்கு. இன்னும் சுட்டது.

வாசலில் யாரோ செருமினார்கள்.

"வேல முடிஞ்சுதுங்க, சாமி," பெண் குரல், மிக மெதுவாக. "ஊட்டுக்குப் போலாம்னா ஊடு இல்லீங்களே."

சென்னிமலை பாய்ந்து கதவைச் சாத்தினார். தாழ் போட்டார். நாற்காலியை இழுத்து முட்டுக்கொடுத்தார்.

"என்னங்க," மஞ்சுளா கிசுகிசுத்தாள். அவள் கதவைப் பார்க்கவில்லை.

பளிங்குத் தரையில் சாம்பல் படிந்த காலடிகள். இரண்டு பேருடையவை. வாசலிலிருந்து கூடத்தைத் தாண்டி, அவர்கள் படுக்கையறைவரை போயிருந்தன.

திரும்பி வந்த தடம் இல்லை.