அவர் பழகின அகராதி

விசையில் விரல் வைத்தால்தான் விரிய வேண்டிய அந்தச் சின்னச் சொற்பட்டியல் பெட்டி, யாரும் எதையும் தொடாமலே திரையின் அடியில் விரிந்து கிடந்தது.

பட்டறை முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கணினியில், கட்டளைகளை அடிக்கும் லினக்ஸ் டெர்மினலின் கறுப்புத் திரையில் காலையிலிருந்து ஜப்பானிய எழுத்து வராமல் வெறும் கட்டங்களாக வந்து உயிரை வாங்கியது. செத்துப்போன தம்பியின் மனைவிதான் வந்து எழுத்துருவை நிறுவி, தம்பியின் கணினியிலிருந்து ஏதோ கோப்பை இதில் ஏற்றிச் சரிசெய்தாள்.

“ஒலியை இங்கிலீஷ்ல அடிங்க மாமா. ஸ்பேஸ் பாரைத் தட்டினா சொல்லெல்லாம் வரிசையா வரும், வேணுங்கறதை எடுத்துக்கங்க. அவர் பழகின அகராதியையே போட்டிருக்கேன். நீங்க ரெண்டு எழுத்து அடிச்சா போதும், மிச்சத்தை அவரே சொல்லுவார்.”

“நல்லா பயமுறுத்துற போ!” என்று அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பெயின்ட் உலர்த்தும் சூட்டறையை விற்ற ஜப்பான் நிறுவனம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தது: உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றியது யார்? கைப்பிடி ஓட்டை வழியே சூடு வீணாகிறது என்று கழற்றித் தகடு அடித்தது அவர்தான். உள்ளே ஒட்டிய பெயின்ட்டைச் சுரண்டப் போகத் தயங்கிய தம்பியிடம், “நீ போடா, கதவை நான் பாத்துக்கறேன்” என்றதும் அவர்தான். போன் வந்தது, வெளியே போனார். ஆள் இருப்பது தெரியாமல் யாரோ கதவை மூடிச் சூட்டைப் போட்டுவிட்டார்கள். இன்று ஒரு வரி எழுதி அனுப்பினால் தலை தப்பும்: தம்பிதான் கழற்றினான்.

தம்பி என்பதற்கான ஒலியை அடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டினார். பட்டியலில் முதல் சொல், அண்ணன். அடுத்ததும் அண்ணன். கீழே இறங்க இறங்க, கடைசி வரை அண்ணன்.

அழித்தார். மறுபடி அடித்தார். தலைக்கு மேல் மின்விசிறி சுழல, கழுத்தில் வியர்வை வழிந்தது. எங்கிருந்தோ காயாத பெயின்ட்டின் நெடி வந்தது. பிறகு அது காயும் நெடி. பிறகு கருகும் நெடி.

விசைகள் சுட்டன.

கையை எடுத்தார். எழுத்துகள் நிற்கவில்லை. அண்ணன்தான் கழற்றினான். என்டர் விசை தானாக அமுங்கி எழுந்தது. பதில் போய்விட்டது.

“யாரு அங்க! ஏம்மா!”

கதவுக்கு ஓடினார். கைப்பிடி இல்லை. கைப்பிடி இருந்த இடத்தில் தகடு. நான்கு திருகாணி. அவர் கையால் முறுக்கிய அதே திருகாணிகள்.

தட்டினார். தட்டிய கையின் தோல் கதவிலேயே ஒட்டிக்கொண்டது. கதவின் கண்ணாடிச் சதுரத்துக்கு அப்பால் தம்பி மனைவி நடந்து போனாள். திரும்பவில்லை.

பின்னால் பெட்டி விரியும் சத்தம். அதற்குச் சத்தமே கிடையாது.

திரும்பிப் பார்த்தார். பட்டியலில் இப்போது ஒரே வரி. ஜப்பானிய எழுத்துதான். காதில் விழுந்ததோ தம்பியின் குரல்.

“நீ இரு அண்ணா. கதவை நான் பாத்துக்கறேன்.”