ஓர் எண்ணத்துக்கு ஒரு துணை

குழாய் மூடியிருந்தது. அது பிலோமினாவுக்குத் தெரியும். குழாய்க்கும் தெரியும். குழாயின் கழுத்தில் மாட்டியிருந்த நீர்க்காவலிக்கும் தெரியும். அவள் கேட்கும்போதெல்லாம் "மூடியிருக்கிறது, மூடியிருக்கிறது" என்று சொல்லிச் சொல்லி, சலிப்பு என்ற உணர்ச்சியைத் தானாகவே கண்டுபிடித்த உலகின் முதல் கருவி அதுதான்.

இத்தனைக்கும் அந்தக் காலத்துத் தூத்துக்குடியில் எட்டு நாளைக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம்தான் தண்ணீர். மற்ற ஏழு நாளும் குழாயைத் திறந்துபோட்டு ஊருக்குப் போனாலும் காற்றுதான் வரும். இருந்தாலும் பிலோமினாவின் மனக்கண்ணில் குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. தெரு மூழ்கியது, சந்தை மூழ்கியது, துறைமுகத்துக் கப்பல்கள் ஊருக்குள் மிதந்து வந்து ரயில் நிலையத்தில் நங்கூரம் போட்டன. எழுந்து போய்ப் பார்ப்பாள். மூடியிருக்கும். வந்து உட்காருவாள். சரியாகப் பார்த்தோமா என்று தோன்றும். ஒரு நாளைக்கு நாற்பத்தேழு முறை. நல்ல நாளில் நாற்பத்தாறு.

வயது ஐம்பத்திரண்டு. தன் கல்யாணத்துக்குப் புறப்பட்ட இரண்டு முறையும் குழாயைப் பார்க்கப் பாதி வழியில் திரும்பிவிட்டவள். வீட்டு நாற்காலியில் இருந்தபடி துறைமுகத்தின் ஆறு பாரந்தூக்கிகளை மேற்பார்வை பார்ப்பது உத்தியோகம். ஒருநாள் அவள் குழாயடியில் நிற்க, ஜப்பானுக்குப் போகவேண்டிய முருங்கைப்பொடிப் பெட்டி நாலு மணி நேரம் ஆகாயத்தில் தொங்கியது. காகம் கூடு கட்டிவிட்டது.

"எக்கா, இனியும் வெச்சிருக்காத" என்றாள் தங்கை ரெஜினா. "நெட்டுல எத்தனையோ டாக்டர் இருக்காவ. ஒருத்தரப் புடி. இல்லன்னா அந்தக் குழாயவே கட்டிக்கோ."

டாக்டரைப் பிடிப்பது எளிதா? எல்லா வேலையையும் கருவிகள் எடுத்துக்கொண்ட பிறகு, மனிதருக்கு மிஞ்சிய ஒரே வேலை கருவி அதைச் செய்ததா என்று சந்தேகப்படுவது. நாட்டில் பத்துக்கு ஏழு பேருக்குச் சுழலெண்ணம், அதாவது ஒரே நினைப்பு சுற்றிச் சுற்றி வரும் நோய். பிலோமினா திரையில் தேடிய முதல் மருத்துவரிடம் காத்திருப்புப் பட்டியல் பதினோரு ஆண்டு. இரண்டாமவரின் பட்டியலில் பேரப்பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. மூன்றாமவர் உடனே கிடைத்தார். நாற்பது நிமிடமும் "நான் பேசுவது கேட்கிறதா? நிச்சயமாகக் கேட்கிறதா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில்தான் துணைதேடி என்ற சிகிச்சைச் செயலியில் பதிந்தாள். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சுழல்மானி வந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால், எண்ணம் சுற்றும் வேகத்தைச் சுழியத்திலிருந்து நூறு வரை கைக்கடிகாரத்தில் காட்டும். எண்ணம் எதைப் பற்றியது என்பதைத் துணைதேடி பொருட்படுத்தாது. அது எந்த வடிவத்தில் சுற்றுகிறது என்று வரைந்து பார்த்து, பூட்டுக்குச் சாவி போலப் பொருந்தும் ஒருவரை ஊரெல்லாம் துழாவி எடுத்துத் தரும். செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம், குரல் மட்டும். சுழல்மானி சுழியத்தைத் தொட்டால் குணம்; அந்த நொடியே இணைப்பு மூடப்படும், குரலின் தடம்கூட மிஞ்சாது.

இணைப்பில் வடிகட்டி ஒன்றும் உட்கார்ந்திருந்தது. பெயர், ஊர், முகவரி, ஊரைக் காட்டிக்கொடுக்கும் சாடை எதைச் சொன்னாலும் விழுங்கிவிடும். ஆறுதலையும் விழுங்கும். "ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொல்லிவிட்டால் சுழலெண்ணம் அன்றைக்கு அடங்கி, மறுநாள் குட்டிகளோடு திரும்பி வருமாம். விழுங்கிய இடத்தில் கிணற்றில் கல் போட்டதுபோல 'ளொக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும்.

முதல் செவ்வாய்.

"வணக்கமுங்க டாக்டரம்மா" என்றது ஓர் ஆண்குரல்.

பிலோமினாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. டாக்டரே நோயாளியை டாக்டரம்மா என்கிறாரே, இந்தக் காலத்தில் இவ்வளவு பணிவா?

"வணக்கம் டாக்டர். நீங்க மொதல்ல சொல்லுங்க."

அந்தப் பக்கமும் மனசு குளிர்ந்தது. ஏனென்றால் அந்தக் குரலுக்குரிய நாச்சிமுத்து டாக்டரே இல்லை. உடுமலைப்பேட்டைக்காரர். காற்றாலைகளுக்கு எண்ணெய் போடும் கருவிகளுக்கு எண்ணெய் போடுபவர், மனைவியை இழந்தவர், பிலோமினாவைப் போலவே டாக்டர் தேடி அலைந்து துணைதேடியில் வந்து விழுந்தவர். மருத்துவருக்குப் பஞ்சம், நோயாளிக்குப் பஞ்சமே இல்லை. நோயாளியை நோயாளிக்கே மருத்துவராக்கிவிட்டது துணைதேடி. தன் வீட்டுக் குழாய் பூதமாகத் தெரிகிறவருக்கு, அடுத்தவருடைய பூதம் வெறும் குழாயாகத்தானே தெரியும்? இதை அது எவரிடமும் சொல்லவில்லை. "உங்கள் மருத்துவர் தமக்கும் ஒரு தொல்லை இருப்பதுபோலப் பேசுவார். கேட்டு வழி சொல்லுங்கள், அதுவும் சிகிச்சையே" என்று இருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருந்தது.

"என்ற வண்டி தானா ஓடறதுங்க" என்று நாச்சிமுத்து ஆரம்பித்தார். "நான் பின்னால சும்மாதான் உக்காந்திருப்பனுங்க. திடீர்னு எது மேலயோ ஏறுன மாதிரி இருக்குமுங்க. எறங்கிப் போய்ப் பாப்பேன். ஒண்ணுமிருக்காது. மறுக்கா வந்து உக்காந்தா, அந்தப் பக்கம் பாக்காம உட்டுட்டமோன்னு இருக்குமுங்க."

"எத்தன தடவ எறங்குனிய?"

"நேத்துங்களா? பதினாறுங்க. வேல செய்யற எடத்துல இருந்து ஊடு மூணே கிலோமீட்டருங்க. மத்தியானம் கெளம்புனவன் வெளக்கு வெக்கறப்பத்தான் போய்ச் சேந்தனுங்க. வண்டி எம்மேல புகார் எழுதிப் போட்டிருச்சு."

பிலோமினா விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னமா கத கட்டுதிய டாக்டர்! நான் வெக்கப்படக் கூடாதுன்னுதான?"

"நீங்க சிரிச்சாச் செரிங்க" என்றார் அவர், சிரிக்காமல்.

இப்படியே பத்துச் செவ்வாய் போனது. வண்டி குலுங்கினாலும் திரும்பிப் பார்க்காமல் உட்காரச் சொல்லி அவள் அவரை ஓட்டிக்கொண்டு போனாள். குழாயடிக்குப் போகாமல் உட்காரச் சொல்லி அவர் அவளைப் பிடித்து வைத்தார். இடையில் ரசத்துக்குப் புளி அதிகமானது, பல் வலி, யார் நன்றாகத் தூங்கினார்கள் என்று ஊர்ப்பட்ட பேச்சு. பதினோராவது செவ்வாய் மாலை, குழாயைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடற்கரை வரை நடப்பது என்று முடிவானது.

"இப்ப மனசு என்னங்க சொல்லுது?"

"தெரு பூராத் தண்ணின்னு சொல்லுது."

"ஓடட்டுமுங்க. நீங்க நடங்க."

"கணுக்கால் வரைக்கும் வந்துட்டு டாக்டர்."

"செருப்பக் கையில எடுத்துக்கோங்க."

அவள் நிஜமாகவே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். எதிரே வந்தவர்கள் உலர்ந்த தார்ச்சாலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இடுப்பளவு வெள்ளத்தில் ஒரு தெரு, கழுத்தளவில் ஒரு தெரு. "நீந்தத் தெரியுமுங்களா?" "தெரியாது." "எனக்குந் தெரியாதுங்க. ரெண்டு பேருமே நடந்தே போயிருவம்." கடைசியில் மணலை மிதித்து, அலையில் கால் வைத்தாள். இருபது ஆண்டுகளில் அவளைத் தொட்ட முதல் உண்மையான தண்ணீர் அதுதான் என்று தோன்றியது. அலைச்சத்தத்தை வடிகட்டி விழுங்கிவிட்டதால் நாச்சிமுத்துவுக்கு அவளுடைய மூச்சு மட்டுமே கேட்டது. அரைமணி நேரம் அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வைக்கவில்லை.

பன்னிரண்டாவது செவ்வாய், தேங்காய் பர்பியா கடலைமிட்டாயா என்று இருவரும் கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டு கைக்கடிகாரங்களும் ஒரே நொடியில் சுழியத்தைத் தொட்டன. நாதஸ்வரம் ஒலித்தது. குரல் போய்விட்டது.

பிலோமினாவுக்கு இரண்டு சான்றிதழ்கள் வந்தன. முதலாவது, அவள் குணமடைந்ததற்கு. இரண்டாவது, ஒரு நோயாளியைக் குணப்படுத்தியதற்கு.

இரண்டாவதை ஏழு முறை படித்தாள். பிறகு உட்கார்ந்தாள். அப்படியானால் அந்தச் சாலை கதை இல்லை. பதினாறு முறை இறங்கி, குனிந்து, சக்கரத்துக்கு அடியில் எட்டிப் பார்த்த மனிதர் நிஜம். அவள் சிரித்தது நிஜம்.

"குணமாயிட்டுன்னா நாலு பேருக்கு இனிப்புக் குடுப்பாவ" என்றாள் ரெஜினா. "நீ என்னக்கா, கப்பல் கவுந்தவ கணக்கா இருக்க?"

"அந்தக் குரலு இல்ல, ஏட்டி."

"எந்தக் குரலு?"

"சிரிச்சாச் செரிங்கன்னுச்சு பாரு. அந்தக் குரலு."

ரெஜினா அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "குழாயே தேவலாம்" என்றாள்.

பிலோமினா குழாயடிக்கு ஓடினாள். வேண்டுமென்றே திறந்து வைத்துவிட்டுத் தெருமுனை வரை போனாள். பயம் வரவில்லை. வா, வா என்று கெஞ்சினாள். கப்பல்களை ரயில் நிலையத்துக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு தோணிகூட அசையவில்லை. பழைய எண்ணம் திரும்பிவிட்டதாகத் துணைதேடிக்குப் பொய்யாக எழுதினாள். பதில் உடனே வந்தது: "ஓர் எண்ணத்துக்கு ஒரு துணை, ஒரே முறை. குணமான எண்ணத்துக்கு மறுபடி துணை கிடையாது. மேலும், தங்கள் சுழல்மானி சுழியத்தில் இருக்கிறது. வாழ்த்துகள்."

இருபதாம் தேதி பொள்ளாச்சிக்கு வண்டி ஏறினாள். வடிகட்டி ஊர்ப்பெயரை விழுங்குமே தவிர, பேச்சின் இழுவையை விழுங்காது; அவர் பேச்சுக்கு அந்தப் பக்கம்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? சந்தையில் தக்காளி விற்றவர் "ஏனுங்க" என்றார். திரும்பினாள். நடத்துநர் "எறங்குங்க" என்றார். திரும்பினாள். மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர் மாட்டிடமே "போங்க சாமி" என்றார். மூன்று நாளில் ஊரிலுள்ள அத்தனை ஆண்களுக்கும் திரும்பி, கழுத்துச் சுளுக்கோடு வீடு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் செய்யவில்லை. பாரந்தூக்கிகளைப் பார்த்தபடி, ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்டால் என்ன சொல்வார். சாப்பிட்டிருப்பாரா. இன்றைக்கு இறங்காமல் வீடு போய்ச் சேர்ந்திருப்பாரா. மறுபடி, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். ஒரு நாளைக்கு நாற்பத்தேழு முறை எந்த மூலைக்கு? ஒரு மணிக்கே நாற்பத்தேழு முறை.

கைக்கடிகாரம் தொண்ணூற்றாறு காட்டியது.

"புதிய சுழலெண்ணம் கண்டறியப்பட்டது" என்று துணைதேடி குதூகலித்தது. "பொருத்தமான துணையைத் தேடுகிறோம்."

பிலோமினா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பூட்டுக்குச் சாவி போல என்றால், இந்த எண்ணத்துக்குப் பொருந்தும் எண்ணம் ஒருவரிடம்தான் இருக்கமுடியும், அவரும் இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால். அவர் மறந்துவிட்டிருந்தால் வேறு யாரோ வருவார், வேறு யாரையோ நினைத்து ஏங்கிக்கொண்டு. நாட்டில் அப்படிப்பட்டவர்கள் பத்து லட்சம் பேராவது இருப்பார்கள். மூன்று நாள் துழாவியது துணைதேடி. செவ்வாய்க்கிழமை மாலை இணைப்பு மணி அடித்தது. அவள் எடுத்து, அந்தப் பக்கத்து மூச்சுக்குக் காது கொடுத்தாள்.

பிறகு, "சாப்ட்டீங்ளா டாக்டரம்மா?" என்று கேட்டது.

அவள் அழுதாள். அழுகைக்கு நடுவே, "அந்த ரோடு நெசமாமே. நான் சிரிச்சிட்டேனே" என்றாள்.

"நீங்க சிரிச்சதுனாலதானுங்க நான் வண்டியில உக்காந்தேன். போன மாசம் மூணு நாளு ளொக் போயிருந்தனுங்க, உங்களத் தேடி. பஸ் ஸ்டாண்டுல எல்லாப் பொம்பளைங்களும் உங்களாட்டமேதான் 'சொல்லுதிய'ங்கறாங்க. கழுத்தே திரும்பறதில்லீங்க இப்ப."

"போன மாசம் எந்தத் தேதி?"

"இருவதுங்க."

"அட பாவி மனுசா. நான் அன்னைக்கு ளொக்ல ஒங்களத் தேடிட்டு நிக்கேன்."

இருவரும் சிரித்தார்கள். இரண்டு மாதம் தேக்கி வைத்திருந்த சிரிப்பு. தற்செயலாகத்தான் அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தெட்டு. ஏக்கத்துக்கு அந்தக் குரலைவிட மருந்து வேறு உண்டா? பேசப் பேசக் குணமாகிக்கொண்டிருந்தது, பழனிப் படியில் உருண்ட தேங்காய் மாதிரி. இருபத்தாறு.

"டாக்டர், ஒங்க கைக்கடிகாரத்தப் பாருங்க."

அவருடையதும் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. "பத்தொம்பதுங்க" என்றார். குரலில் இப்போது சிரிப்பில்லை. "சுழியத்துக்குப் போயிட்டா..."

"ஓர் எண்ணத்துக்கு ஒரே முறதான். பெறகு நாம ரெண்டு பேரும் நல்லா இருப்போம்" என்றாள் பிலோமினா. அப்படியொரு கொடுமையை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை.

"அப்பப் பேசாம இருப்பமுங்களா? மூச்ச மட்டுங் கேட்டுக்கிட்டு?"

இருந்து பார்த்தார்கள். அது இன்னும் வேகமாக இறங்கியது. பதினான்கு. பன்னிரண்டு.

"வெச்சிரணும்" என்றாள். "இப்பவே வெச்சாத்தான் அடுத்த செவ்வாக்கெழம உண்டு. வாரத்துக்குக் கொஞ்சம்போலப் பேசிக்கிடுவோம். மிச்ச நாளு நீங்க நல்லா ஏங்கணும், கேட்டியளா? ஏமாத்தக் கூடாது."

"அதுக்கென்னங்க, எனக்கு வேறென்ன வேல? நீங்களுமுங்க. நடுவுல மனசத் தேத்திக்காதீங்க." பத்து. "ஒண்ணே ஒண்ணு மட்டுங் கேட்டுக்கறனுங்க. அன்னைக்கி செருப்பக் கையில எடுத்துக்கிட்டு நடந்தீங்கல்ல, அப்ப உங்களுக்கு என்ற மேல—"

ஒன்பது. எட்டு.

பிலோமினா இணைப்பைத் துண்டித்தாள்.

வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. என்ன கேட்க வந்தார்? என் மேல் என்று ஆரம்பித்து, நம்பிக்கை என்றா, கோபம் என்றா, அல்லது மூன்றாவதா? எப்படி முடித்திருப்பார்? நாற்காலியில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து. ஏழு நாளுக்கு இது தாங்கும்.

கைக்கடிகாரம் எட்டிலேயே நின்று யோசித்தது. ஒன்பதுக்கு ஏறியது. பதினொன்று. சந்தோஷப்பட்டால் இறங்கிவிடுமோ என்று பயந்து, அவள் சிரிப்பை உதட்டுக்குள்ளேயே கடித்துப் பிடித்துக்கொண்டாள்.