ஒற்றைத் துளை

ஞாயிறு காலை 7.15. நெவில் நோஸ்கே குளியலறைத் தரையில் கிடந்தார். வாந்தி, வயிற்றுப்போக்கு, பாதி நினைவு. அவருக்குக் கோதுமை ஆகாது. துளி உள்ளே போனாலும் குடல் ரணமாகிவிடும். தெற்கு ஆஸ்திரேலியாவின் அந்தக் கரையில் கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமை போடுகிறவர் அவர்தான். இதைச் சொல்லிச் சிரித்து ஊருக்கே அலுத்துப்போயிருந்தது.

அந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் முந்தின நாள் அவர் தின்றது, மனைவி கிளெனிஸ் சுட்ட அரிசிமாவு பிரெட். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நெவில் ஒரே வரி சொன்னார்.

"அவ உள்ள வரக் கூடாது."

நெவிலின் அக்கா மெர்ல் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். ஊருக்கு ஒரே போலீஸ், ரேலீன் போல்னர்.

"நிலத்துக்காக விஷம் வெக்கிறா, ரேலீன். என் பிரெட் மெஷினை சும்மாவே தர்றேன்னேன். மகாராணிக்குப் புதுசுதான் வேணுமாம்."

10.30. கிளெனிஸின் சமையலறை.

"எதுக்குப் புது மெஷின்?" என்று கேட்டார் ரேலீன்.

"மெர்ல் மெஷின்ல வருஷக்கணக்கா கோதுமை ஓடியிருக்கு. எவ்வளவு கழுவினாலும் துடுப்புக்கு அடியில ஒட்டியிருக்கும். கடை கடையா ஏறி இறங்கி இதை எடுத்தேன். அரிசி மாவுக்குன்னே தனி பட்டன். இதுல கோதுமை பட்டதே இல்ல."

ரேலீன் மூடியைத் திறந்தார். நீளமான பாத்திரம். அடியில் மாவு பிசைய இரண்டு துடுப்புகள்; பிசைந்த மாவு அதே பாத்திரத்தில், துடுப்புகளைச் சுற்றியே வெந்து பிரெட் ஆகும். அழுக்கில்லை. மாவுப் பைகளிலும் குறையில்லை.

"சுட்ட பிரெட் எங்க?"

"அரிசி பிரெட் மறுநாளே கல்லாயிடும். ஆறினதும் துண்டு போட்டு ஷெட்டு ஃப்ரீசர்ல வெச்சிடுவேன். அவரு வேணுங்கறப்ப ரெண்டு எடுத்து டோஸ்ட் போட்டுக்குவார்."

"ஷெட்டைப் பூட்டுவீங்களா?"

கிளெனிஸ் முறைத்தார். "இந்த ஊர்லயா? போன வாரம் யாரோ அந்த ஃப்ரீசர்ல அரை ஆட்டுக் கறியை வெச்சுட்டுப் போயிருக்காங்க. யாருன்னு இன்னும் தெரியல."

ஃப்ரீசரில் ஓரத்துத் துண்டு இரண்டு மட்டும் தீர்ந்த பை ஒன்று இருந்தது. ரேலீன் துண்டுகளை மேஜையில் வரிசையாக அடுக்கி, சேர்த்துப் பிடித்தார். புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். நடுவிலிருந்து மூன்று துண்டுகளை மட்டும் உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

2.00. மெர்ல் வீடு. மெர்ல் கத்தியால் பிரெட் அறுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு துண்டு தின்னு பாரு. நிஜமான கோதுமை. உள்ளூர்ச் சரக்கு."

"வேணாம். உங்க மெஷினைக் கொஞ்சம் காட்டுங்க."

பழைய மெஷின். சதுரப் பாத்திரம், ஒரே துடுப்பு, அதன் முனை உடைந்திருந்தது. ரேலீன் துடுப்பைக் கழற்றினார். உறையிலிருந்த மூன்று துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, அடியில் இருந்த துளைக்குள் அதை நுழைத்தார். பூட்டில் சாவி போல உட்கார்ந்தது. உடைந்த முனைகூடப் பிசகவில்லை.

"கிளெனிஸ் மெஷின்ல சுட்டிருந்தா அடியில ரெண்டு துளை விழும். இதுல நடுவுல ஒண்ணுதான். துண்டு போட்டுட்டா யாரும் அடியைப் பார்க்கறதில்ல. கிளெனிஸ் பையை எடுத்துட்டு உங்க பையை வெச்சிருக்கீங்க."

மெர்ல் கத்தியைக் கீழே வைத்தார்.

"நானும் அரிசி மாவுதான் போட்டேன். கூட ஒரு பிடி கோதுமை. அவ்வளவுதான். எங்க அப்பன் தின்னான், தாத்தன் தின்னான், இவனுக்கு மட்டும் ஆகாதாம். எல்லாம் அவ ஏத்திவிட்டது. தெரியாமத் தின்னா ஒண்ணும் ஆகாது, என் மெஷினே போதும்னு காட்டலாம்னு பார்த்தேன்."

"முதல் தடவையே விழுந்துட்டாரே?"

"பழகிடும்னு நெனச்சேன்."

"மூணாவது தடவை? நேரா எங்கிட்ட வந்து கிளெனிஸ் பேரைச் சொன்னீங்க."

மெர்ல் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்தார்.

"காரை எடுக்கறேன். வாங்க," என்றார் ரேலீன்.

5.00. கிளெனிஸின் மெஷின் மாவைப் பிசைந்துகொண்டிருந்தது. ரேலீன் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"நெவிலுக்கும் சொல்லியாச்சு. உங்களை உடனே வரச் சொல்றார்."

கிளெனிஸ் மூடியின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

"இது வேக இன்னும் மூணு மணி நேரம் ஆகும்னு சொல்லிடுங்க."

நாற்காலியை இழுத்து, மெஷினுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.