பின்னால் நின்ற குரல்

டமார்.

ட்ரெய்லரின் பின்பலகை தானாக விழுந்தது. மிதுஷா கையை இழுத்திராவிட்டால் விரல்கள் போயிருக்கும்.

"கொழுக்கி தேய்ஞ்சு போச்சு, தங்கச்சி. சின்ன வேலைதான்," என்றார் சிறீதரன். அவர் வண்டியின் முன்பக்கத்திலேயே நின்றார். வந்ததிலிருந்து பின்பக்கம் வரவேயில்லை.

சுவிஸின் லாங்கன்தாலுக்கு வெளியே, பழைய மாட்டுக்கொட்டில் ஒன்றின் முற்றம். நவம்பர் மூடுபனி கூரைவரை இறங்கியிருந்தது. ஈர வைக்கோலும் பழைய எண்ணெயும் மணத்தன.

சயனும் மிதுஷாவும் கணவன் மனைவி; போன வருடம் முழுவதும் தனித்தனி வீட்டில் இருந்தவர்கள். ஒரு சிறிய ட்ரெய்லர் வாங்கி, படுக்கையும் அடுப்பும் வைத்து, கோடையில் ஒன்றாகப் பயணம் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்திருந்தார்கள். அதிலும் சரிவராவிட்டால் பிரிவது. அதையும் கதைத்து முடித்திருந்தார்கள்.

ட்ரெய்லரை விற்கும் சிறீதரன் தெரிந்தவர். அவர் மனைவி கஜலக்சுமியின் செத்தவீட்டுக்கு இருவரும் போயிருந்தார்கள். அவர் ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்க, அவள் சுவரோரம் நின்று வழி சொல்லியிருக்கிறாள்; ட்ரெய்லருக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிச் செத்துப்போனாள். "கடைசி வரைக்கும் வாங்கோப்பா, வாங்கோப்பா எண்டுதானே சொன்னவள்," என்று அவர் தலையில் அடித்து அழுததை யாரும் மறக்கவில்லை. பொலிஸும் விபத்து என்று முடித்துவிட்டது.

"அண்ணை, இது அந்த ட்ரெய்லர் இல்லையே?" மிதுஷா கேட்டாள்.

"சீச்சீ. அதை அப்பவே பழைய இரும்புக்குப் போட்டாச்சு. இது வேற."

சயன் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். துரு மேலோட்டம்தான். அச்சு நேராக இருந்தது. டயரில் வெடிப்பில்லை. காரோடு பூட்டி விளக்குகளைச் சோதித்தான். மிதுஷா பின்னால் நின்று சொன்னாள்.

"இடது எரியுது. வலது எரியுது. பிறேக்கை அமத்து... ஓம்." சற்று நிறுத்தினாள். "சயன், எல்லாம் பழசு. இந்தப் பின்பலகையும் விளக்கும் மட்டும் புதுசு. புதுசில கொழுக்கி எப்பிடித் தேயும்?"

"எம்எஃப்கா வாகனச் சோதினை பாஸ் பண்ணின வண்டி. உனக்கு எதிலயும் பிழை பிடிக்க வேணும்."

"நான் சொல்லுறது உனக்கு எப்ப கேட்டது?"

முற்றம் ஒடுக்கம். காரையும் ட்ரெய்லரையும் திருப்ப, ஒருமுறை கொட்டிலுக்குள் பின்னுக்கு விட்டு எடுக்க வேண்டும். மிதுஷா உள்ளே போய்ச் சுவரோரம் நின்றாள்.

"அங்க நிக்காதைங்கோ, தங்கச்சி," என்றார் சிறீதரன் அவசரமாக.

"நான் நிக்காட்டி இவர் சுவரையும் இடிச்சுக்கொண்டு போவார், அண்ணை."

சயன் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் பின்னுக்கு எடுத்தான். கொட்டிலின் இருள் ட்ரெய்லரை விழுங்கியது.

"வாங்கோ... வாங்கோ..."

குரல் தெளிவாக வந்தது. அவன் எடுத்தான்.

"வாங்கோப்பா. இடம் இருக்கு."

இன்னும் எடுத்தான்.

"இன்னும் கொஞ்சம்."

பிடரியில் குளிர்ந்த மூச்சுப் பட்டது.

குரல் கொட்டிலுக்குள்ளிருந்து வரவில்லை. பின் இருக்கையிலிருந்து வந்தது.

சயன் பிறேக்கை முழு பலத்தோடு மிதித்தான். எஞ்சின் அணைந்தது. இறங்கி ஓடினான்.

மிதுஷா சுவரோடு ஒட்டி நின்றாள். பின்பலகை அவள் ஜாக்கெட்டை அழுத்திக்கொண்டிருந்தது. மூச்சுவிட மட்டும் இடம் இருந்தது. அவன் அவளைப் பக்கவாட்டில் இழுத்தெடுத்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"நில் நில் எண்டு தொண்டை கிழியக் கத்தினனே."

"எனக்கு... வாங்கோப்பா எண்டுதான் கேட்டது, மிது."

"நான் உன்னை எப்பவாவது அப்பிடிக் கூப்பிட்டிருக்கிறனா?" அவள் அழவில்லை. "கோடை வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, சயன். எனக்கு மறுமொழி கிடைச்சிட்டுது."

அவள் மூடுபனிக்குள் வீதியை நோக்கி நடந்தாள். சயன் கூப்பிட வாயெடுத்தான்.

அப்போது கொட்டிலுக்குள் சிவப்பு வெளிச்சம் பரவியது. பிறேக் விளக்குகள் எரிந்தன.

காருக்குள் யாருமில்லை.

சிறீதரன் வாசலில் வேர்த்துப்போய் நின்றார். அவர் பார்வை வெறுமையான சாரதி இருக்கையைவிட்டு அசையவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

"வாங்கோ எண்டோ கஜலக்சுமி சொன்னவள்? அண்டைக்கு எனக்கு நில்லுங்கோ எண்டு வடிவாத்தானே கேட்டது."