கூட வந்தவர்

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. ஜெயபாண்டி எழுந்தான். வலது பக்கத்தை விட்டுவிட்டுப் பல் துலக்கினான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தான். இன்று டீ கிடையாது. சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். குளித்தான். சட்டையைத் தேய்த்தான். கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். ஆனையூரிலிருந்து ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தான்.

வயது முப்பத்தொன்று. மண் பரிசோதனை நிலையத்தில் வேலை. விவசாயிகள் துணிப்பையில் கொண்டுவரும் மண்ணைச் சலித்து, சோதித்து, முடிவை எழுதிக் கொடுப்பான். மண் எதுவும் கேட்காது. மனைவி திவ்யா போன பிறகு அது வசதியாக இருந்தது.

கோரிப்பாளையத்தில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை... சத்தமில்லாமல் தொடங்கி, சட்டை நனைந்த பிறகே தெரிகிற மழை. கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில் டாக்டர் கனகலட்சுமியின் பல் மருத்துவமனை. காத்திருக்கும் இடத்தில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் கிடந்த கைப்பையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"ஏங்க, அது எங்க சித்தப்பா சீட்டு."

திரும்பினான். குடையை உதறிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இமையில் ஒரு மழைத்துளி ஒட்டிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பெரிய கண்கள்... கோபப்படப் பழகாத கண்கள் கோபப்பட்டுப் பார்த்தன.

"சித்தப்பா எங்க?" என்றான், வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி.

"உள்ள இருக்காரு. அளவு எடுக்கிறாக."

"அப்ப சீட்டு காலிதான..."

"வெளிய வந்தா எங்க உக்காருவாரு? உங்க மடிலயா?"

அவன் எழுந்துவிட்டான். அவள் அவன் கன்னத்தைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"அய்யோ, இம்புட்டு வீக்கமா... உக்காருங்க, உக்காருங்க. அவருக்கு வாய்ல பல்லுதான் இல்ல. காலு நல்லாத்தான் இருக்கு."

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் மருந்துச் சீட்டோடு எழுந்து போக, அவள் அதில் உட்கார்ந்தாள். பெயர் ரம்யாஸ்ரீ. அவன் கேட்கவில்லை, அவளே சொன்னாள். கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக் கொடுக்கிறாள். சித்தப்பா ஹரிராமுக்குப் பல்செட் கட்ட வந்திருக்கிறாள். அவர் உள்ளே இருந்து சௌராஷ்டிரத்தில் ஏதோ கத்த, இவளும் அதே பாஷையில் ஏதோ சொல்ல, உள்ளே சத்தம் அடங்கியது.

"என்ன சொன்னீங்க?" வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

"வாய மூடுனா அளவு எடுக்க முடியாது, பேசினாலும் எடுக்க முடியாது, சும்மா தொறந்துட்டு இருங்கன்னேன்."

நர்ஸ் முத்துத்தாய் ஃபைலோடு வந்தாள். "ஜெயபாண்டி அண்ணே, கூட வந்தது யாரு?"

அவன் வாசலைப் பார்த்தான்.

"இது மூணாவது சனிக்கிழமண்ணே. மொதத் தடவ ஊசியப் பாத்துட்டு ஓடிட்டீங்க. அடுத்த தடவ வாசல்லயே ஓடிட்டீங்க. பல்லு குறுக்க படுத்துக் கெடக்கு, சீழ் கட்டுது. டாக்டரம்மா உங்களுக்காகத்தான் மயக்க டாக்டர வரச் சொல்லிருக்காக. ஊசி போட்டா பயம் தெரியாது, வலி தெரியாது. ஆனா கூட ஒரு ஆள் இல்லாம போட மாட்டாக. அண்ணன் வாரேன்னாருன்னு சொன்னீங்கள்ல?"

"அவருக்கு வேலை."

பொய். வாடிப்பட்டியில் இருக்கும் அண்ணன் மருதுவிடம் சொன்னால் வயலில் இருந்து அப்படியே வந்துவிடுவார். ஜெயபாண்டி சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தாளை நீட்டினார்கள். 'கூட வந்தவர்' என்ற இடத்தில் அவன்தான் கையெழுத்துப் போட்டான். திவ்யா உள்ளே போகும்போது சிரித்துக்கொண்டே போனாள். மயக்கத்திலிருந்து எழவில்லை. இதயத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு கோளாறு இருந்ததாம். யார் மேலும் தப்பில்லை என்றார்கள். கையெழுத்து மட்டும் அவனுடையது.

அந்த இடத்தில் இன்னொருவரைக் கையெழுத்துப் போட வைக்க அவனால் முடியாது.

"அப்ப பல்லோடயே இருங்க," என்று முத்துத்தாய் ஃபைலை மூடினாள்.

"நான் இருக்கேன்."

ரம்யாஸ்ரீதான் சொன்னாள். முத்துத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ யாரு அவருக்கு?"

"சித்தப்பாவுக்கு எப்படியும் மதியம் ஆயிரும். சும்மாதான உக்காந்திருக்கேன்."

அவள் ஃபாரத்தை வாங்கி எழுதினாள். முத்துத்தாய் படித்தாள். "உறவுமுறை... பக்கத்து நாற்காலி. இது ஒரு உறவாம்மா?"

"இன்னிக்கு இதான்."

சத்தம் கேட்டு டாக்டர் கனகலட்சுமி வெளியே வந்தார். சிரிக்கவில்லை. அண்ணன் நம்பரை வாங்கி, அவரே பேசினார். மருது பதினோரு மணிக்குள் ஆனையூர் வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். அதுவரை இந்தப் பெண் துணை, என்றார் டாக்டர். பிறகு ஜெயபாண்டியைத் தனியாக அழைத்து உட்கார வைத்தார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். மூன்று வாக்கியங்களில் முடிந்துவிட்டது.

"இது அந்த மயக்கம் இல்ல," என்றார். "அரைத்தூக்கம். மூச்சு நீங்களாத்தான் விடுவீங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்வீங்க. விரல்ல ஒரு கிளிப் இருக்கும், நாடியும் ஆக்சிஜனும் அதுல தெரியும். அத பாக்கிறதுக்குன்னே ஒருத்தர் உங்க பக்கத்துல உக்காந்திருப்பாரு. எழுந்த பிறகு நடந்தது பாதி ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான். சம்மதக் கையெழுத்து நீங்கதான் போடணும். கூட வந்தவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு மட்டும்தான்."

அவனே கையெழுத்துப் போட்டான்.

புறங்கையில் ஊசி. விரலில் கிளிப். ஜன்னலில் மழை. மயக்க டாக்டர் "ஜெயபாண்டி, எந்த ஊரு?" என்றார். வாடிப்பட்டி என்றான். உடம்பு மெல்ல நாற்காலிக்குள் இறங்கியது. இரண்டு வருடமாக இறுகிக் கிடந்த தோள் தளர்ந்தது... மழைச் சத்தம் பக்கத்தில் வந்தது, தூரம் போனது. யாரோ வாயைத் திற என்றார்கள். திறந்தான். பயம் எங்கோ வேறொரு ஆளுக்கு இருந்தது.

அடுத்து ஞாபகம் இருப்பது அவன் வீட்டுக் கட்டில். கன்னத்துக்குள் பஞ்சு. எதிரே அண்ணன்.

"எந்திரிச்சுட்டியாடா," என்றார் மருது. "ரெண்டு வருசம் கழிச்சு நீ ஒழுங்காத் தூங்கி இன்னிக்குத்தான் பாக்கேன்."

"யாரு கூட்டிட்டு வந்தா?"

"ஒரு பொண்ணும் பெரியவரும். ஆட்டோல நடுவுல உன்ன ஒக்கார வச்சு. அவரு பல்லில்லாத வாயோட பேசிக்கிட்டே வந்தாரு. ஒண்ணும் வெளங்கல." மருது கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பொண்ணு கண்ணு செவந்திருந்துச்சு. நீ என்னடா சொன்ன அதுகிட்ட?"

அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. இரண்டு வருடமாக யாரிடமும் வாய் திறக்காதவன், முன்பின் தெரியாத பெண்ணை அழ வைத்திருக்கிறான். என்ன சொல்லி?

நன்றி சொல்லப் போக வேண்டும். போகவில்லை. கம்ப்யூட்டர் சென்டர் இருக்கும் தெரு வழியாக இரண்டு நாள் பஸ்ஸில் போனான். இறங்கவில்லை. எந்த முகத்தோடு இறங்குவது... வலி இல்லாமல் பல் துலக்கினான். வீக்கம் வடிந்த முகம் கண்ணாடியில் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை தையல் பிரித்தார்கள்; ஹரிராம் மறுநாள் பல்செட்டோடு வருகிறார் என்று அங்கே காதில் விழுந்தது.

சனிக்கிழமை காலை ஏழே முக்கால் பஸ்ஸில் மறுபடி கோரிப்பாளையம் போய் இறங்கினான்.

அவள் இருந்தாள். பக்கத்தில் ஹரிராம், பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு. அவன் தூரத்து மூலையில் நின்றான். அவள் பார்த்தாள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். போன வாரம் படபடவென்று பேசிய பெண் இவள்தானா...

"தம்பி, வாங்க வாங்க," என்றார் ஹரிராம். "இது கடிக்குது. நான் அத கடிக்கணும், அது என்னக் கடிக்குது." சொல்லிவிட்டு முறை வந்து உள்ளே போனார்.

முத்துத்தாய் எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, உங்களுக்கு நேத்தே தையல் பிரிச்சாச்சே. இன்னிக்கு எதுக்கு வந்தீங்க? ஊசின்னா ஓடுற ஆளு, இப்ப கூப்பிடாமலே வாரீங்க."

முத்துத்தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி சரி," என்று திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

அவன் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் இல்லீங்க."

"அழுதீங்கன்னு அண்ணன் சொன்னாரு."

அவள் கைப்பையின் வாரைச் சுற்றினாள், பிரித்தாள். "பல்லு எடுத்து முடிச்சு உங்கள ஒரு கட்டில்ல படுக்க வச்சாக. பக்கத்துல இருக்கச் சொன்னாக. நீங்க என் கையப் பிடிச்சீங்க. திவ்யா, நான் முழிச்சுட்டேன்னீங்க. திரும்பத் திரும்ப... திவ்யா, நான் முழிச்சுட்டேன் பாருன்னு."

அவன் தரையைப் பார்த்தான்.

"திவ்யா யாருன்னு டாக்டரம்மா சொன்னாக. நீங்க கைய விடல. பதில் வராம விட மாட்டீங்க போல இருந்துச்சு. அதனால..." அவள் குரல் சன்னமானது. "நல்லதுங்க, பாத்துட்டேன், தூங்குங்கன்னு சொல்லிட்டேன். அவங்களா நெனச்சுத்தான் நீங்க கேட்டீங்க. நான் அவங்க எடத்துல இருந்து பதில் சொல்லிட்டேன். ஏமாத்திட்டேன் உங்கள. ஒரு வாரமா மனசே சரியில்ல. எந்த முகத்தோட உங்களப் பாக்கிறதுன்னு..."

"நானும் அதேதான் நெனச்சேன்," என்றான்.

வெளியே மழை விட்டிருந்தது. கண்ணாடிக் கடை ஓரத்தில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்குள் ஏதோ ஒன்று, அந்தப் பல் மாதிரி, வேரோடு வெளியே வந்துவிட்டது. இடம் காலியாக இருந்தது. வலிக்கவில்லை.

"நீங்க சொன்னதும் நான் என்ன பண்ணேன்?"

"சிரிச்சீங்க. கைய விட்டுட்டீங்க. தூங்கிட்டீங்க."

"அப்ப ஏமாத்தல," என்றான். பேச்சு அவனுக்கு மெதுவாகத்தான் வந்தது. "என்ன மட்டும் விட்டுட்டுப் போனாளேன்னு அவ மேல கோபம். கையெழுத்துப் போட்டேன்னு என் மேல கோபம். அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் ரெண்டும் இல்ல. தேடிப் பாத்தேன், இல்ல."

அவள் நிமிர்ந்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"இன்னிக்கு ஊசி எதுவும் போடல," என்றான் ஜெயபாண்டி. "அரைத்தூக்கம் இல்ல. முழுசா முழிச்சுத்தான் இருக்கேன். பல்லுக்காக வரல. உங்களப் பாக்கத்தான் வந்தேன். உங்க வீட்ல பாஷை வேற, ஆளுக வேற. நான் ஒரு தடவ கல்யாணம் பண்ணவன். எல்லாம் தெரியும். இருந்தாலும் சொல்லணும்னு தோணுச்சு. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு நிம்மதியா இருக்கும்."

உள்ளே ஹரிராம் எதையோ கடித்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. ரம்யாஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். அவன் பக்கம் திரும்பினாள்.

"அவங்க பேருக்கு இனிமே நான் பதில் சொல்ல மாட்டேங்க. என் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க... வாரேன்."