யதுர்ஷி எடுத்த கொழுந்து

காலையில் வந்து பார்த்தால், போஞ்சிக் கொடி ஒன்றுக்குக்கூடத் தலை இல்லை!

துஷாந்தினி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். கம்பைச் சுற்றி ஏறிய கொடிகள் அப்படியே நின்றன. நுனியை மட்டும் காணோம். யாரோ நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல எல்லாம் மொட்டையாக இருந்தன.

"ஐயையோ!"

அவள் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காகம் பறந்துவிட்டது. துஷாந்தினியின் தொண்டை அப்படி. 'கொஞ்சம் மெதுவாகப் பேசு' என்று அவளிடம் சொன்னால், "சரி!" என்பதையும் சத்தமாகத்தான் சொல்வாள்.

நமுனுகுல மலைக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம் அது. ஒரே மண்டபம், நடுவில் ஒரு பலகைத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். அந்தப் பக்கம் நர்சரி. நர்சரிப் பிள்ளைகள் பாட்டு ஆரம்பித்தால் இந்தப் பக்கம் எல்லாருக்கும் வாய்ப்பாடு மறந்துபோகும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் பெரியவர்கள் பெரட்டுக்குக் கூடுவார்கள். யாருக்கு எந்த மலையில் வேலை என்று கங்காணி சொல்ல, கேட்டுக்கொண்டு போவார்கள். அதைப் பார்த்துப் பிள்ளைகளும் முற்றத்தில் வட்டமாக நின்று பெரட்டு வைத்தார்கள். ஆனால் இங்கே அவரவர் வேலையை அவரவரே சொல்ல வேண்டும்.

"நான் மழைத்தண்ணி அளக்கிறேன்."

"நான் கோழிக்கூட்டுக்குக் கதவு செய்றேன்."

சொன்னால் செய்து முடிக்கவும் வேண்டும், சும்மா விடமாட்டார்கள். வாரத்துக்கு ஒருவர் கங்காணி. ஞானேஸ்வரி டீச்சரும் வட்டத்தில்தான் நிற்பார். பிள்ளைகள் கேட்டால்தான் பதில் சொல்வார். கேட்காவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார். சும்மா நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது முகத்திலேயே தெரியும்.

பீன்ஸைத்தான் அங்கே போஞ்சி என்பார்கள். அந்தத் தோட்டமும் பிள்ளைகள் போட்டதுதான். இந்தப் பள்ளித் தவணையில்தான் நர்சரிப் பிள்ளைகளும் தோட்டத்துக்குள் வரலாம் என்று முடிவாகியிருந்தது. இந்த வாரம் கங்காணி வேறு யாருமில்லை, துஷாந்தினியேதான்!

சத்தம் கேட்டு ஐந்தாம் வகுப்பு நிமலன் ஓடிவந்தான். நேராகத் தன் கொடியிடம் போனான். தோட்டத்திலேயே உயரமான கொடி அதுதான். தினமும் அதன் பக்கத்தில் நின்று, "என் தோளைத் தாண்டிருச்சு, காதுக்கு வந்திருச்சு" என்று ஊரைக் கூட்டுவான். இன்று மொட்டை நுனியைத் தடவிப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

"யாரு பார்த்த வேலை இது?" என்றாள் துஷாந்தினியின் கூட்டாளி றுஷ்தா.

அந்த நேரம் பார்த்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன உருவம் ஆடி ஆடி வந்தது. நர்சரியில் படிக்கும் யதுர்ஷி. நான்கு வயது. அம்மா வேலைக்குப் போகும்போதே கொண்டுவந்து விடுவதால் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவாள். பழைய அரிசிப் பை ஒன்றைக் கயிற்றில் கட்டி, கயிற்றைத் தலையில் மாட்டி, முதுகில் தொங்கவிட்டிருந்தாள். அவள் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவது அச்சு அசல் அப்படித்தான். பை நிறையப் போஞ்சி நுனி.

"அக்கா, பை நிறைஞ்சிருச்சு! நிறுக்க வாங்க!" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

துஷாந்தினிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"அடிப்பாவி! என்னடி செஞ்சு வச்சிருக்க? அவ்வளவும் போச்சே! இனிமே இந்தப் பக்கம் கால வச்சுப் பாரு!"

யதுர்ஷி தலையிலிருந்த கயிற்றைக் கழற்றினாள். பையை அங்கேயே போட்டுவிட்டு, தட்டிக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய் மறைந்துகொண்டாள்.

"நாளைக்குப் பெரட்டுல சொல்லப்போறேன்" என்றான் நிமலன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நர்சரிக்கு இனிமே தோட்டத்துல பேர் கிடையாது. வேலி போட்டுப் பூட்டிரணும்."

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலை கிடைப்பதைத்தான் பேர் என்பார்கள். பேர் இல்லை என்றால் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எல்லாரும் சரி என்று தலையாட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாக ஆட்டியது துஷாந்தினி.

பள்ளிக்கூடம் விட்டதும் யதுர்ஷியைப் பிள்ளைக் காம்பராவில் விடுவது துஷாந்தினியின் வேலை. கொழுந்துக்குப் போன அம்மாமார் திரும்பும்வரை சின்னப் பிள்ளைகளை அங்கேதான் பார்த்துக்கொள்வார்கள். மற்ற நாள் என்றால் யதுர்ஷி கையைக் கோர்த்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். இன்று கையைத் தரவில்லை. பின்னாலேயே தள்ளி வந்தாள். வாயே திறக்கவில்லை.

துஷாந்தினிக்கு என்னவோபோல் இருந்தது. பேசாத யதுர்ஷியை அவள் பார்த்ததே இல்லை.

"ஏன்டி கிள்ளுன?" என்று மெதுவாகக் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், பாதையோரம் படுத்திருந்த நாய் திடுக்கிட்டு எழுந்ததற்கு அவள் என்ன செய்வாள்?

கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீங்கதான் கிள்ளவே இல்ல."

"என்னது?"

"நானும் எத்தனை நாளாப் பார்க்கிறேன். ஒருத்தருமே கொழுந்து எடுக்கல. செடி எல்லாம் உயரமாப் போயிருச்சு. நீங்கதானே கங்காணி? நீங்க பார்க்க வேணாமா?"

துஷாந்தினி நடையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவது யார், திட்டு வாங்குவது யார்?

யதுர்ஷி பாதைக்கு மேலே கையை நீட்டினாள். அங்கே, பல வருசமாக யாரும் கொழுந்து எடுக்காமல் விட்ட மலை இருந்தது. இடுப்பளவு நிற்க வேண்டிய தேயிலை, ஆளுயரத்தையும் தாண்டி மரமாகியிருந்தது. மேலே காட்டுக்கொடி வேறு படர்ந்திருந்தது.

"கொழுந்து எடுக்காம விட்டா அப்படித்தான் காடாயிரும்னு அம்மா சொன்னாங்க. காடானா பன்றி வரும். பள்ளிக்கூடத்துக்குப் பன்றி வந்தா நாங்க எங்க போறது?"

துஷாந்தினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யதுர்ஷியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். பாவம், இந்தப் பிள்ளை தோட்டத்தை நாசம் பண்ணவா வந்தது? காப்பாற்ற அல்லவா வந்திருக்கிறது! அதற்குத் தெரிந்த செடி ஒன்றே ஒன்றுதான், தேயிலை. போஞ்சி வேறு மாதிரி என்று யாராவது சொன்னோமா? ஒருத்தரும் சொல்லவில்லை. உள்ளே வா என்று விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். கங்காணியான நானும் சேர்ந்துதானே!

"நான் கத்தினது தப்பு பாப்பா" என்றாள்.

"ரொம்பச் சத்தம்" என்றாள் யதுர்ஷி.

"தெரியும்."

யதுர்ஷி கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பெரட்டில் நிமலன் சொன்னபடியே சொன்னான். "நர்சரிக்கு இனி பேர் வேணாம். சரிங்கிறவங்க கையத் தூக்குங்க."

"கொஞ்சம் பொறு!" என்றாள் துஷாந்தினி. "யாருக்குப் பேர் இல்லன்னு சொல்றோமோ, அவங்க ஒருத்தருமே இங்க இல்லையே. அது எப்படி நியாயம்?"

சொல்லிவிட்டுத் தட்டிக்கு அந்தப் பக்கம் போனாள். கையோடு கை கோர்த்த நர்சரிப் பிள்ளைகளை வாத்துக் குஞ்சுகள் மாதிரி வரிசையாகக் கூட்டிவந்து வட்டத்தில் நிறுத்தினாள். ஞானேஸ்வரி டீச்சர் புருவத்தை உயர்த்தினார். வாயைத் திறக்கவில்லை.

"சொல்லு யதுர்ஷி, ஏன் கிள்ளுன?"

யதுர்ஷி காட்டைச் சொன்னாள். பன்றியைச் சொன்னாள். பன்றி எப்படி உறுமும் என்று செய்தும் காட்டினாள். வட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. நிமலன் மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாம் சரி. என் கொடி செத்துப்போகுமே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"சாகுமா?" என்று கேட்டாள் துஷாந்தினி. "யாருக்காவது தெரியுமா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லார் கண்ணும் டீச்சர் பக்கம் திரும்பியது.

"கேட்டால் சொல்லுவன். கேக்கிறீங்களோ?" என்றார் யாழ்ப்பாணத்து ஞானேஸ்வரி டீச்சர், ஆசையாக.

துஷாந்தினி ஒரு நொடி யோசித்தாள். "வேணாம் டீச்சர். நாங்களே பார்த்துக்கிறோம்."

டீச்சர் பதிலை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"கொடி என்ன ஆகுதுன்னு பார்த்த பிறகு கையத் தூக்குவோம்" என்றாள் துஷாந்தினி. "அதுவரைக்கும் பெரிய பிள்ளை ஒருத்தர், நர்சரி ஒருத்தர்னு சோடி சோடியாப் பார்த்துக்கணும். நிமலனும் யதுர்ஷியும் ஒரு சோடி."

"இவளா? ஏற்கெனவே கிள்ளுனது போதாதா?"

"நீ சொல்லிக்குடு. தெரிஞ்சா ஏன் கிள்ளப்போறா?"

நிமலன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சம்மதித்தான். முதல் நாள் யதுர்ஷியைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னான். அவளும் அப்படியே நின்றாள். ஆனால் கேள்விக்குக் கை எதற்கு?

"அண்ணே, இதுல எத எடுப்பாங்க?"

"காய்."

"காய் எங்க?"

"முதல்ல பூ வரும். பூ இருந்த இடத்துல காய் வரும்."

"நீங்க பார்த்தீங்களா?"

"எங்க வீட்டுத் தோட்டத்துல பார்த்திருக்கேன்."

"பூ என்ன கலர்?"

நான்காவது நாள் நிமலனின் முகம் தானாகவே இறங்கிவிட்டது. அத்தனை கேள்வியையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சமாளிக்க யாரால் முடியும்? கட்டியிருந்த கைக்கு விடுதலை கொடுத்து, தண்ணீர் ஊற்றப் பால்மா டின் ஒன்றையும் கொடுத்தான்.

அந்த வாரம் போய் அடுத்த வாரமும் வந்தது. ஒருநாள் காலை கொடியடியில் குந்தியிருந்த யதுர்ஷி கத்தினாள்.

"அண்ணே! இங்க ரெண்டு மூக்கு வந்திருக்கு!"

நிமலன் மண்டியிட்டுப் பார்த்தான். இலைக் காம்பு கொடியோடு சேரும் இடத்தில், பச்சையாக, குட்டியாக இரண்டு துளிர். ஒரு தலை போன கொடியில் இரண்டு கிளை கிளம்பியிருந்தது!

"துஷாந்தினி! உயிர் இருக்கு! வந்து பாரு!"

அவன் சத்தத்துக்கு முன்னால் அன்று துஷாந்தினியின் சத்தம் ஒன்றுமே இல்லை.

எல்லாக் கொடியும் பிழைத்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். சுவரோரம் நின்ற சில கொடிகள் மஞ்சளாகி விழுந்துவிட்டன. பிள்ளைகள் அந்த இடத்தில் புது விதை ஊன்றினார்கள்.

ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. நர்சரிப் பிள்ளைகளின் விரல் சும்மா இருக்கவில்லை. போஞ்சியைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டார்கள், சரி. வாசலில் நின்ற செவ்வந்தியைக் கிள்ளினார்கள். பாதையோரப் புல்லைக் கிள்ளினார்கள். முதுகில் பையைக் கட்டிக்கொண்டு வந்தால் எதையாவது கிள்ளத்தானே வேண்டும்?

"கிள்ளாதன்னு சொல்லி வேலைக்கு ஆகாது" என்றாள் துஷாந்தினி. "கிள்ளக் கிள்ள வர்ற செடி ஒண்ணு குடுக்கணும். என்ன இருக்கு?"

"கங்குன் கீரை!" என்றாள் றுஷ்தா. "எங்க கிணத்தடியில நிறைய இருக்கு. தண்ட நட்டாலே வந்துரும். நுனியைக் கிள்ளினா பக்கத்துல பக்கத்துல துளிர் வெடிக்கும்."

மறுநாளே றுஷ்தா ஒரு கட்டுத் தண்டோடு வந்தாள். தண்ணீர்க் குழாயடியில் ஈரமான இடம் பார்த்து, நர்சரிப் பிள்ளைகளே முழங்கால்வரை சேறு பூசிக்கொண்டு நட்டார்கள். நிமலன் ஒரு கம்பின் இரண்டு பக்கமும் பால்மா டின்னைக் கட்டித் தராசு செய்தான். கொழுந்து எடுத்தால் நிறுக்க வேண்டாமா?

கங்குன் கைக்கு எட்டும் அளவுக்கு வளர்ந்தபோது, கங்காணி வேலை சுற்றிச் சுற்றி நிமலனிடம் வந்திருந்தது. அன்று காலை அவன் முற்றத்தின் நடுவில் வந்து நின்றான். நர்சரிப் பிள்ளைகள் மண்டப வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யதுர்ஷி பையைத் தலையில் மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நின்றாள். இன்று கை தூக்கப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். பயத்தில் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"முதல்ல கையத் தூக்கிருவோம்" என்றான் நிமலன். "நர்சரிக்குப் பேர் வேணுங்கிறவங்க?"

சொல்லிவிட்டுத் தன் கையைத்தான் முதலில் தூக்கினான். அடுத்து துஷாந்தினி, றுஷ்தா, மற்ற எல்லாரும். ஞானேஸ்வரி டீச்சர் ஒன்றுக்கு இரண்டாகத் தூக்கினார்.

நர்சரிப் பிள்ளைகள் வட்டத்துக்குள் பாய்ந்து வந்தார்கள். வட்டம் நெருக்கியடித்து, பிறகு எல்லாரும் பின்னால் தள்ளி நின்றதும் பெரிதானது.

"யதுர்ஷி, இன்னைக்கு உனக்கு என்ன வேலை?" என்று கேட்டான் நிமலன்.

யதுர்ஷி மூச்சை இழுத்துக்கொண்டு, மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"கங்குன் கிள்ளுவேன்! போஞ்சியில பூ வந்திருக்கான்னு பார்ப்பேன்! வேற யாரும் கிள்ளாம காவலும் இருப்பேன்!"

"ஒரு ஆளுக்கு மூணு வேலையா?" என்றாள் துஷாந்தினி.

"முடியும்" என்றான் நிமலன். "பேர் போட்டாச்சு. போய் வேலையைப் பாரு!"